நவம்பரில் தவறிய ஒரு சொல்லும் என் கடைவாய்ப்பல்லும்

வலி முதலில் காப்பியோடு வந்தது. இரண்டு வருடத்துக்கு முன், ஜூலையில் ஒரு காலை, டம்ளரை வாயில் வைத்த மாத்திரத்தில் இடது பக்கக் கீழ்த்தாடையில் சுருக்கென்று ஒரு குத்தல். காப்பியை விழுங்கிய பிறகும் அது போகவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று நின்று நிதானமாக வலித்தது. சூடு போன பிறகும் வலி போகாமல் நின்றால் பல்லின் உள்ளே நரம்பு கெட்டுவிட்டது என்று அர்த்தமாம். அது பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு நான் செய்ததெல்லாம் காப்பியை வலது பக்கத்துக்கு மாற்றிக்கொண்டதுதான்.

என் பெயர் ஸ்டெல்லா. வயது அறுபத்திரண்டு. பெங்களூர் தொம்மலூரில் பழைய ஊர்ப்பக்கம், ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். கணவர் அந்தோணி இறந்து அப்போது நான்கு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. முப்பத்திரண்டு வருடம் ஒரு அரசு அலுவலகத்தில் ஸ்டெனோவாக (சொல்வதைச் சுருக்கெழுத்தில் பிடித்துத் தட்டச்சு செய்பவர்) இருந்து ஓய்வு பெற்றவள். அதிகாரிகள் வாயிலிருந்து விழுந்ததை ஒரு சொல் சிந்தாமல் பிடிப்பேன் என்று எனக்கு ஒரு பெருமை. இருமலுக்கும் கொட்டாவிக்கும் நடுவில் சொன்னதைக்கூடப் பிடித்திருக்கிறேன். இந்தப் பெருமையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் காலை வாரிவிட்டது அதுதான்.

இடது பக்கம் கீழே எனக்கு ஏற்கனவே அடுத்தடுத்து இரண்டு பற்கள் இல்லை. ஒன்று போய் ரொம்ப வருடம் ஆகிறது. இன்னொன்றை அந்தோணி படுக்கையில் இருந்த காலத்தில் பிடுங்கினார்கள். அந்த இடைவெளிக்கு முன்னால் ஒரு நல்ல பல் இருந்தது. பின்னால் கடைசியாக நின்ற கடைவாய்ப்பல்தான் இப்போது வலித்தது. இடது பக்கத்தில் மெல்லுவதற்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

இரண்டு பல் இல்லாமல் பேசினேன், சிரித்தேன், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாடினேன். ஒருவரும் கவனிக்கவில்லை. கவனிக்கும் அளவுக்கு என் எதிரில் யாரும் நெடுநேரம் உட்காருவதும் இல்லை. தமிழ்நாட்டு எல்லையோரம் அத்திபெலேயில் இருக்கும் என் தங்கை பிலோமினா தினமும் சாயங்காலம் போன் செய்வாள். "சாப்டியாக்கா?" என்பாள். "சாப்டேன்" என்பேன். எப்படிச் சாப்பிட்டேன் என்பது அந்தக் கேள்விக்குள் வராது. அவளைக் குறை சொல்லவில்லை. துணிக்கடை, மருமகள், பேத்தி என்று அவளுக்கு நாள் முழுக்கத் தலைக்கு மேல் வேலை. நானும் வாயைத் திறந்து எதையும் சொல்லவில்லை.

மூன்று வாரம் மாத்திரையில் ஓட்டிவிட்டு, ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டாவது மாடியில் செயற்கைப் பல் பிரிவு. அதன் பேராசிரியர்தான் எனக்குக் கடைசிவரை வைத்தியம் பார்த்தார். தார்வாடு பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். டாக்டரம்மா என்றே நான் கூப்பிடுவேன். நாங்கள் பேசிக்கொண்டது கன்னடத்தில். இங்கே எங்கள் பேச்சைத் தமிழாக்கித்தான் எழுதுகிறேன்.

முதலில் ரூட் கெனால் (பல்லின் உள்ளே கெட்டுப்போன நரம்பையும் ரத்தக் குழாயையும் எடுத்துவிட்டு, வேரின் உள்குழாயைச் சுத்தம் செய்து அடைப்பது) செய்தார்கள். மூன்று முறை போக வேண்டியிருந்தது. வலி அதிகம் இல்லை. ஆனால் நாற்காலியைச் சாய்த்து, விளக்கைப் போட்டு, டாக்டரம்மா என் முகத்தின் மேல் குனிந்தபோது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான்கு வருடத்தில் என்னை இவ்வளவு கிட்டத்தில் பார்த்தவர் அவர்தான். "வலிக்குதா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அது பொய். அதற்காக இன்னொரு ஊசி வேறு போட்டார்கள்.

நரம்பை எடுத்தாயிற்று என்றதும் என் மனத்தில் ஒன்று பதிந்துவிட்டது. நரம்பு இல்லாத பல் செத்த பல்தானே. வலிக்காது, கூசாது, சும்மா நிற்கும். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் அதைப் பார்த்து, "பரவாயில்லை, செத்தாலும் கூடவே இரு" என்று சொன்னேன். தனியாக இருப்பவர்கள் பல்லோடும் பேசுவார்கள். இதைப் படிக்கும் சிலருக்கு இது தெரிந்திருக்கும்.

அக்டோபரில் டாக்டரம்மா பிளாஸ்டரில் செய்த பல்வரிசை ஒன்றை மேசையில் வைத்து, என் வாயில் இருக்கும் ஓட்டைக்கு என்ன செய்யலாம் என்று விளக்கினார். அன்றைக்கு நேரம் இருந்தது, பொறுமையாகச் சொன்னார். இதே முடிவை எடுக்க வேண்டியவர்களுக்கு உதவும் என்பதால் முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

முதல் வழி பிரிட்ஜ். முன்னால் இருக்கும் நல்ல பல்லையும் பின்னால் இருக்கும் ரூட் கெனால் பல்லையும் சுற்றிலும் ராவி, இரண்டின் மேலும் கேப் (மூடி போல் பொருத்தும் உறை) மாட்டி, நடுவில் இரண்டு பொய்ப்பற்களைத் தொங்கவிடுவது. அறுவை இல்லை, சில வாரத்தில் முடிந்துவிடும். ஆனால் நான்கு பல்லின் பாரத்தை இரண்டு பல் சுமக்க வேண்டும். ரூட் கெனால் செய்த பல் உள்ளே குடையப்பட்டது, சுவர் மெலிந்தது. ஈறுக்கு மேலே போதுமான சுவர் மிச்சமிருந்து, பிரிட்ஜும் சின்னதாக இருந்தால், அப்படிப்பட்ட பல்லும் வருடக்கணக்காகத் தாங்கும். பிரிட்ஜ் நீளமானால் விரிசல் விடும் பயம் கூடும். தூண் ஒன்று போனால் பிரிட்ஜ் முழுவதும் போச்சு.

இரண்டாவது வழி இம்பிளான்ட் (தாடை எலும்பில் பொருத்தும் டைட்டானியம் திருகு). எலும்பு அதைச் சுற்றி வளர்ந்து இறுகப் பிடித்துக்கொள்ளும். அதன் மேல் பல் வைக்கலாம், பிரிட்ஜும் வைக்கலாம். பக்கத்துப் பல்லைத் தொட வேண்டியதில்லை. இம்பிளான்ட் சொத்தையாகாது. ஆனால் அறுவை உண்டு, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். போதுமான எலும்பு வேண்டும், சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். சுற்றியிருக்கும் ஈறைச் சுத்தமாக வைக்காவிட்டால் அங்கே சீழ் பிடித்து எலும்பு கரையும்.

"ஒரு பக்கம் இம்பிளான்ட், ஒரு பக்கம் என் பல், ரெண்டுக்கும் நடுவுல பிரிட்ஜ் போட முடியாதா டாக்டர்?" என்று கேட்டேன். பாதிப் பாதியாகத் தீர்த்துக்கொள்ளப் பார்ப்பது என் குணம்.

"முடிஞ்சவரைக்கும் நாங்க அப்படிச் செய்யறதில்லம்மா. பல்லு எலும்புக்குள்ள மயிரிழை அசையும். இம்பிளான்ட் அசையவே அசையாது. ரெண்டையும் ஒண்ணாக் கட்டினா பாரம் கோணலா விழும்."

ரூட் கெனால் செய்த வேர் நன்றாக ஆறியிருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டு நவம்பரில் முடிவு சொல்வதாகச் சொன்னார். அதுவரைக்கும் பல்லைத் தற்காலிக அடைப்பு போட்டு மூடினார்கள்.

நவம்பர் வந்தது. பெங்களூரில் அது கன்னட ராஜ்யோத்சவ (கர்நாடக மாநிலம் உருவானதைக் கொண்டாடும் விழா) மாதம். தெருவெல்லாம் மஞ்சளும் சிவப்பும் கொடி. அந்த மாதம் முழுவதும் இங்கிலீஷ் வார்த்தைக்குப் பதில் கன்னட வார்த்தைதான் பேசுவது என்று அந்தப் பிரிவில் எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்திருந்தார்கள். வாசலில் ஒரு பலகை, அதில் தினம் ஒரு சொல். மாணவர்கள் 'எக்ஸ்ரே' என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு நல்ல பொழுதுபோக்கு.

என் முறை வந்தது. வாயை 'ஆ' என்று திறந்தபடி படுத்திருந்தேன். டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், வாய்க்குள் விட்டுப் பார்க்கும் கண்ணாடிக் கரண்டியின் காம்பால் பல்லைத் தட்டினார், சுற்றி நின்ற மாணவர்களைப் பார்த்துச் சொன்னார்: "இதர மேலெ சேத்துவெ பேட."

அதற்குள் யாரோ வந்து அவரைப் பக்கத்து அறைக்கு அவசரமாகக் கூப்பிட்டார்கள். போகிற போக்கில் என் தோளைத் தொட்டு, "அடுத்த வாரம் வாங்கம்மா, செஞ்சுடலாம்" என்றார். கையில் ஒரு அட்டை வந்தது. வியாழக்கிழமை, காலை பத்து மணி. கீழே வழக்கமாக அச்சடித்திருக்கும் வரி: துணைக்கு ஒருவரை அழைத்து வரவும்.

என் காதில் விழுந்தது இதுதான்: இதுக்கு மேல சேத்து வெக்க வேணாம். எங்கள் வீட்டுப் பேச்சில் 'சேத்து வெ' என்றால் சேர்த்து வை, பத்திரப்படுத்து. 'இதுக்கு மேல' என்றால் இனிமேல். 'பேட' என்றால் வேண்டாம் என்பது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஆக, இந்தப் பல்லை இனி வைத்துக்கொள்ள வேண்டாம், அடுத்த வியாழக்கிழமை பிடுங்கிவிடலாம். ஒரு சொல் சிந்தவில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து அறை வாசலில் கால் மணி நேரம் நின்றிருந்தால் டாக்டரம்மா வந்திருப்பார். ஒரு தடவை கேட்டிருக்கலாம். மாணவர்களிடமே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு அதிகாரியிடமும் "சார், மறுபடி சொல்லுங்க" என்று கேட்டதில்லை என்பதுதான் என் நினைவில் இருந்தது. கூட ஒருத்தர் வந்திருந்தால் படி இறங்கும்போதே "என்ன சொன்னார்?" என்று பேச்சு வந்திருக்கும், அவர்கள் ஒன்று சொல்ல நான் ஒன்று சொல்ல, திரும்பிப் போய்க் கேட்டிருப்போம். நான் தனியாகப் படி இறங்கி, தனியாகப் பஸ் ஏறினேன்.

வியாழக்கிழமை நான் போகவில்லை. எனக்கு அந்தப் பல் வேண்டும். செத்த பல்லோ உயிருள்ள பல்லோ, இடது பக்கத்தில் என்னோடு மிச்சமிருப்பது அது ஒன்று. அதையும் கொடுத்துவிட்டு வர எனக்கு மனமில்லை. போதாததற்குத் துணைக்கு ஆள் வேண்டுமாம். ஆளுக்கு எங்கே போவது? ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. எண்ணைப் பார்த்துவிட்டு எடுக்காமல் விட்டேன். மூன்றாவது தடவை வரவில்லை. நிம்மதியாக இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

டிசம்பர், ஜனவரி முழுவதும் பல் சமர்த்தாக இருந்தது. வலியே இல்லை. ஒரு டாக்டரையே ஏய்த்துப் பல்லைக் காப்பாற்றிவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு குஷி. பிலோவிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. கிறிஸ்துமசுக்கு அவள் வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து முறுக்கு தின்றேன், இடது பக்கத்திலேயே தின்றேன். யாருக்கும் தெரியாத ஒரு வெற்றியைக் கொண்டாடுவது கொஞ்சம் பைத்தியக்காரத்தனமாகத்தான் இருக்கும்.

பிப்ரவரி கடைசியில் ஒரு சாயங்காலம் நிப்பட்டு (நம் தட்டைக்குப் பெங்களூரில் இருக்கும் முரட்டு அண்ணன்) ஒன்றைக் கடித்தேன். வாய்க்குள் 'டக்' என்று ஒரு சத்தம். வலி இல்லை. நாக்கால் தொட்டுப் பார்த்தேன். பல்லின் உள்பக்கம் தனியாக ஆடியது.

அதன் பிறகும் ஒரு வாரம் சும்மா இருந்தேன். ஈறு வீங்கி, வாயை மூட முடியாமல் போனபோதுதான் இரண்டாவது மாடிக்குப் போனேன். டாக்டரம்மா பார்த்தார்.

"விரிசல் வேர் வரைக்கும் இறங்கியிருக்கும்மா. இனிமே இதைக் காப்பாத்த முடியாது. எடுக்கணும்" என்றார். பிறகு, "ஏன் வரல நீங்க? கேப்புக்கு அளவெடுக்கத்தானே வரச் சொன்னேன்? ரூட் கெனால் பண்ண பல்லைக் கேப் போடாம விட்டா இப்படித்தான் பிளந்துக்கும்."

"கேப்பா?" என்றேன். "பிடுங்கணும்னுதானே சொன்னீங்க? இதுக்கு மேல வெச்சுக்க வேணாம்னு?"

"நானா?"

"உங்க ஸ்டூடன்ட்ஸ்கிட்ட சொன்னீங்க. நான் கேட்டேன். 'இதர மேலெ சேத்துவெ பேட'ன்னு."

டாக்டரம்மா என் கேஸ் காகிதத்தைப் புரட்டினார். நவம்பர் பக்கத்தில் விரலை வைத்தார்.

"சேதுவெம்மா. சேதுவெ. பிரிட்ஜ். இந்தப் பல்லு மேல பிரிட்ஜ் வேணாம்னு சொன்னேன். அது பாவம், ஏற்கனவே வீக்கா இருக்கு. அது தலையில பாரத்தை ஏத்தாம, அதுக்குன்னு ஒரு கேப் மட்டும் போட்டு நிம்மதியா விட்டுடலாம், நடுவுல இருக்கற ஓட்டைக்கு ரெண்டு இம்பிளான்ட் வெச்சுக்கலாம்னு சொன்னேன்."

சேதுவெ என்றால் கன்னடத்தில் பாலம். 'இதர மேலெ' என்றால் இதன் மேல். கன்னடத்தில் அந்தத் 'து'வை அழுத்திச் சொல்வார்கள், நம் காதுக்கு அது 'சேத்து' என்றுதான் விழும். ஆனால் எனக்கு அந்தச் சாக்குச் சொல்லத் தகுதி இல்லை. நான் வேலை பார்த்த அலுவலகம் சாலையும் பாலமும் கட்டுகிற அலுவலகம். கடைசிப் பத்து வருடம் கடிதமெல்லாம் கன்னடத்தில்தான். சேதுவெ என்ற சொல்லை என் விரல்கள் எத்தனை ஆயிரம் தடவை தட்டியிருக்கும் என்று எனக்கே தெரியாது. பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவள் வேறு. பல் ஆஸ்பத்திரி நாற்காலியில் பயந்துபோய்ப் படுத்திருந்தபோது மட்டும் என் காது தமிழ்க் காதாகிவிட்டது. டிசம்பரில் போயிருந்தால் அவர் 'பிரிட்ஜ்' என்றே சொல்லியிருப்பார், பல்லும் பிழைத்திருக்கும்.

அந்தப் பல்லைக் காப்பாற்றத்தான் நான் போகாமல் இருந்தேன். போகாததால்தான் அது போயிற்று. நாற்காலியிலேயே உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன்.

டாக்டரம்மா சக்கர நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "என் மேலயும் தப்பு இருக்கும்மா. அவங்ககிட்ட சொன்னதை உங்க முகத்தைப் பாத்துச் சொல்லியிருக்கணும்" என்றார். பிறகு, "இப்பவாவது கூட யாராவது வந்திருக்காங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப இன்னைக்கு எடுக்க வேணாம். மருந்து தரேன். யாரையாவது கூட்டிட்டு வாங்க."

அன்று சாயங்காலம் பிலோ போன் செய்து "சாப்டியாக்கா?" என்றபோது, "இல்லடி, சாப்பிட முடியல" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் என்ன அமெரிக்காவுலயாக்கா இருக்கேன்? பஸ் ஏறினா ரெண்டு மணி நேரம். வாய்ல பல்லு இல்லன்றதை எங்கிட்ட சொல்ல உனக்கு எத்தினி வருசம் ஆச்சு பாரு."

மறுநாள் காலையிலேயே வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கூச்சம் என்பதே கிடையாது. கடையில் துணிக்குச் சாயம் போகுமா என்று கேட்கிற வாடிக்கையாளரைப் போல டாக்டரம்மாவை உலுக்கி எடுத்தாள். கன்னடமும் தமிழும் கலந்த எல்லைப் பாஷையில், "அந்த்ரே (அப்படின்னா) என்ன டாக்டர்? இன்னொரு வாட்டி சொல்லுங்க, எனக்கு வெளங்கல" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது.

என்னை ஆறுதல்படுத்த நினைத்து, "வுடுக்கா, நரம்பு எடுத்த பல்லுதானே. செத்துப்போனதுதானே. போனா போவுது" என்றாள்.

டாக்டரம்மா இடைமறித்தார். "இல்லம்மா. உள்ள இருக்கற நரம்பை எடுத்தா சூடு, கூச்சம் தெரியாது, அவ்வளவுதான். வேரைச் சுத்தி ஒரு நார்ப்படலம் (வேரை எலும்போடு பிணைத்து, கடிக்கும்போது மெத்தைபோல் விட்டுக்கொடுக்கும் மெல்லிய நார்) இருக்கு. அதுக்குத் தனியா உணர்ச்சி உண்டு. சோத்துல தலைமுடி இருந்தாக் கூட அதுதான் சொல்லும். அது கடைசி வரைக்கும் உயிரோடதான் இருந்தது. இம்பிளான்டுக்கு அந்த நார் கிடையாது. உறுதியா நிக்கும், ஆனா பல்லளவுக்கு உணராது."

இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஆறு மாதம் அதைச் செத்த பல் என்றே நினைத்திருந்தேன். அது அத்தனை நாளும் நான் கடித்ததையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. பிடுங்கிய பிறகு ஒரு தட்டில் காட்டினார்கள், இரண்டு துண்டாக. பிலோ முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் பார்த்தேன். இருக்கும்போது மதிக்காமல் விட்டதற்கு வருத்தப்பட்டேன். பல்லைப் பற்றி மட்டும் இதை நான் சொல்லவில்லை.

இப்போது திட்டம் மாறியது. அடுத்தடுத்து மூன்று பல் இல்லை. பின்பக்கத்துக்கு ஒரு இம்பிளான்ட், முன்பக்கத்துக்கு ஒன்று, இரண்டையும் தூணாக வைத்து மூன்று பல்லுக்கும் ஒரே பிரிட்ஜ். பக்கத்து நல்ல பல்லைத் தொட வேண்டாம். இரண்டு தூணும் அசையாதவை என்பதால் கோணல் பாரம் பற்றிய கவலையும் இல்லை. வைத்தியமாகப் பார்த்தால் இது நல்ல முடிவு என்று டாக்டரம்மா சொன்னார், நானும் நம்புகிறேன். உங்கள் வாய்க்கு எது சரி என்பது உங்கள் எலும்பையும் பல்சுவரையும் பார்த்து உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியது. நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். அவர் சொன்னதைத் திரும்ப அவரிடமே சொல்லிக்காட்டுங்கள். முடிந்தால் இன்னொரு ஜோடிக் காதைக் கூட அழைத்துப் போங்கள்.

பிறகு காத்திருப்பு. பிடுங்கிய குழி ஆற மூன்று மாதத்துக்கு மேல். ஜூலையில் இம்பிளான்ட் வைத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் வலி இல்லை, எலும்பில் துளையிடும் அதிர்வு மட்டும் மண்டை முழுக்கக் கேட்டது. பிலோ வெளியே பெஞ்சில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். அன்றிரவு தங்கிக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுக் காலையில் போய்விட்டாள்.

அதற்கப்புறம் நான்கு மாதம், எலும்பு வளரும் வேகத்தில் வாழ்ந்தேன். எலும்பு வளர்வது வெளியே தெரியாது. காலையில் எழுந்தால் நேற்று போலவே இருக்கும். சர்க்கரை பார்க்கச் சொன்னார்கள், பார்த்தேன். வலது பக்கம் மட்டும் மெல்லச் சொன்னார்கள், மென்றேன். குழைந்த சாதம், இட்லி, மறுபடி குழைந்த சாதம். பேச்சுத்துணை இல்லாத வீட்டில் ருசியும் இல்லாத சாப்பாடு. சில நாள் காலையில் நினைத்துக்கொள்வேன், இந்த வீட்டில் இப்போது வளர்ந்துகொண்டிருப்பது என் தாடை எலும்பு மட்டும்தான். அந்த எண்ணத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பாத்திரம் தேய்க்கப் போய்விடுவேன்.

நடுவில் நவம்பர் மறுபடியும் வந்தது. அந்தப் பிரிவில் எல்லோரும் கன்னடம் பேச, டாக்டரம்மா என்னிடம் மட்டும் 'பிரிட்ஜ், பிரிட்ஜ்' என்று ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னார். மாணவர்கள் அவரைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

டிசம்பர் முதல் வாரத்தில் பிரிட்ஜைப் பொருத்தினார்கள். கண்ணாடியில் பார்த்தேன். அசல் பல்லைவிட அழகாக இருந்தது. டாக்டரம்மா கரண்டிக் காம்பால் முதலில் வலது பக்கக் கடைவாய்ப்பல்லைத் தட்டினார்.

"தெரியுதா?"

"தெரியுது."

இடது பக்கம் புதுப்பல்லைத் தட்டினார். "இப்ப?"

சத்தம் கேட்டது. தாடையில் எங்கோ தூரத்தில் ஒரு அதிர்வும் இருந்தது. ஆனால் அது என் பல்லில் இல்லை.

"சத்தந்தான் கேக்குது டாக்டர்" என்றேன்.

"அப்படித்தான் இருக்கும். எலும்பு கொஞ்சம் சொல்லும், எதிர்ல இருக்கற மேல்பல்லு கொஞ்சம் சொல்லும். பழகப் பழக நீங்களே கண்டுபிடிப்பீங்க. எலும்புத் துண்டு, கல்லு மாதிரி கெட்டியானதை மட்டும் பாத்துக் கடிங்க."

பிலோ என்னோடு வீட்டுக்கு வந்தாள். பகல் சாப்பாட்டை அவளே சமைத்தாள். சாதம், முருங்கைக்காய்ச் சாம்பார், பொரித்த அப்பளம். எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். கிட்டத்தட்ட பத்து மாதத்துக்குப் பிறகு இடது பக்கம் நிம்மதியாக மென்றேன். நன்றாக அரைத்தது, எங்கும் வலிக்கவில்லை. இரண்டாவது கவளத்தில் ஏதோ மொறுமொறுவென்றது. அப்பளம் என்று எடுத்துக்கொண்டேன்.

பிலோ சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். "அக்கா, துப்பு. கல்லு."

"அப்பளம்டி."

"அப்பளத்தை நீ இன்னும் தொடவே இல்ல. எனக்கு இங்க வரைக்கும் கேக்குது. துப்புக்கா."

துப்பினேன். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைக் கல். என் தட்டின் ஓரத்தில் அப்பளம் உடையாமல் முழுசாக இருந்தது.

மறுநாள் அவள் அத்திபெலே பஸ் ஏறினாள். கடையை எத்தனை நாள்தான் மூடி வைப்பாள். அதற்குப் பிறகு நான் சாப்பிடும்போது டி.வி.யை நிறுத்திவிடுகிறேன், ஃபேனையும் நிறுத்துகிறேன். இடது பக்கம் மெல்லும்போது காது கொடுத்துக் கேட்கிறேன். சந்தேகம் வந்தால் துப்பிப் பார்க்கிறேன், பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. பிலோ வந்து எதிரில் உட்காரும் நாட்களில் பேசிக்கொண்டே கால் மணி நேரத்தில் சாப்பிட்டுவிடுகிறேன். மற்ற நாட்களில் ஒரு தட்டுச் சோறு முடிய முக்கால் மணி நேரம் ஆகிறது.